கோபம் வந்தால் கை நீட்டலாமா?



போன மாதம் ஞாயிறு வகுப்பு முடிந்ததும் வழக்கம்போல நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு தம்பி கைப்பேசியில் ஒரு செய்தியைக் காட்டினான். (பெயர் வேண்டாம். இதைப் படிக்கும்போது அவனுக்கே தெரியும்.) எங்கோ ஒருவன் ஒரு திருநங்கையை அடித்துப்போட்டிருக்கிறான். பிடிபட்ட பிறகு, “அவர் யாருன்னு தெரிஞ்சதும் அதிர்ச்சியாயிட்டேன், என்ன செய்றோம்னே தெரியல” என்று சொல்லியிருக்கிறான்.

தம்பி படித்துவிட்டு, “நானா இருந்தாலும் ரெண்டு போட்டிருப்பேண்ணா. ஏமாத்தினா கோபம் வராதா?” என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, “அண்ணா, நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நேரமாச்சு, கெளம்பலாம்” என்றேன்.

ஒவ்வொரு வாரமும் உங்களுக்குத் தர்மம் பற்றிப் பாடம் எடுக்கிறவன் நான். அன்று ஒரு நேரடிக் கேள்வி வந்ததும் நழுவிவிட்டேன். அதனால்தான் இந்தக் கட்டுரை. அந்தத் தங்கச்சிக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன், தம்பிக்கும்தான்.

முதலில் ஒரு விஷயம். அந்தச் செய்தியில் வந்த ஆள் சொன்னது புதிய சாக்கு இல்லை. நீதிமன்றங்களில் இதற்கு ஒரு பெயரே உண்டு. ஆங்கிலத்தில் ‘பேனிக் டிஃபென்ஸ்’ என்பார்கள். தமிழில் ‘பதற்ற வாதம்’ என்று வைத்துக்கொள்வோம். “எதிரில் இருந்தவர் திருநங்கை என்று தெரிந்த அதிர்ச்சியில் நிதானம் இழந்தேன். ஆகவே என் குற்றத்தைக் குறைத்துப் பாருங்கள்” என்பதுதான் அதன் சாரம்.

இது எதன்மேல் நிற்கிறது? நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவில் முதல் விதிவிலக்கு என்று ஒன்று இருக்கிறது. கடுமையாகவும் திடீரென்றும் ஒருவன் சினமூட்டப்பட்டு, தன்னைக் கட்டுப்படுத்தும் சக்தியை இழந்த நிலையில் கொன்றுவிட்டால், அது கொலைக்குற்றம் ஆகாது. அதைவிடக் குறைந்த குற்றமாகும். சிங்கப்பூர்ச் சட்டத்திலும் அதே 300ஆம் பிரிவுதான். இரண்டுக்கும் மூலம் 1860இல் பிரிட்டிஷ் இந்தியாவில் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம். மனிதன் பலவீனமானவன், சில நேரம் உடைந்துபோவான் என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. அதில் தப்பில்லை. பிரச்சினை, எதைச் ‘சினமூட்டல்’ என்று நாம் கணக்கில் எடுக்கிறோம் என்பதில்தான்.

இந்த வாதம் நம் பக்கத்து நாட்டில் என்ன செய்தது என்று பாருங்கள்.

2014 அக்டோபர் 11. பிலிப்பீன்சில் ஒலோங்காப்போ நகரம். ஜெனிஃபர் லாவ்டே 26 வயதுத் திருநங்கை. பயிற்சிக்காக அங்கே வந்திருந்த அமெரிக்க மரீன் படைவீரன் ஜோசஃப் ஸ்காட் பெம்பர்ட்டனுக்கு வயது 19. இருவரும் ஒரு டிஸ்கோவில் சந்தித்து, பக்கத்தில் இருந்த தங்கும் விடுதி ஒன்றுக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் மட்டும் வெளியே போனான். ஜெனிஃபரின் உடல் குளியலறையில் கிடந்தது. தலை கழிவறைத் தொட்டியில். மூச்சுத் திணறி இறந்திருந்தார்.

அரசுத் தரப்பு கொலைக்குற்றம் சாட்டியது. ஆனால் 2015 டிசம்பரில் நீதிமன்றம் அதைவிடக் குறைந்த மரணக்குற்றம் என்றுதான் தீர்ப்புச் சொன்னது. உணர்ச்சி வேகத்தில் அறிவு மங்கியது, குடித்திருந்தது ஆகியவை தண்டனையைக் குறைக்கும் காரணங்களாக ஏற்கப்பட்டன. 6 முதல் 12 ஆண்டு வரை சிறை. பிறகு அந்த மேல்வரம்பும் 10 ஆண்டாகக் குறைந்தது. 2020 செப்டம்பரில் அதிபர் டுட்டெர்டே மன்னிப்பு வழங்க, அவன் ஊருக்குப் பறந்துவிட்டான். ஜெனிஃபர் இறந்து அப்போது முழுசாக ஆறு வருடம்கூட ஆகவில்லை.

அந்த அறைக்கு ஒரு கதவு இருந்தது, நண்பர்களே. பிடிக்கவில்லையா, அதிர்ச்சியா, அருவருப்பா, எதுவாகவும் இருக்கட்டும். எழுந்து வெளியே போயிருக்கலாம். கடைசியில் அதே கதவு வழியாகத்தான் அவன் போனான். ஓர் உயிரை எடுத்துவிட்டுப் போனான், அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்காவிலேயே இன்னொரு வழக்கு. 2002 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் நியூவர்க் நகரில் க்வென் அராஹோ என்ற 17 வயதுத் திருநங்கை ஒரு வீட்டில் அடித்து, கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். நான்கு இளைஞர்கள் கைதானார்கள். நீதிமன்றத்தில் அங்கேயும் இதே அதிர்ச்சிக் கதைதான். ஆனால் அந்த நால்வரில் ஒருவனே அரசுத் தரப்புச் சாட்சியாக மாறி, சில நாட்களுக்கு முன்பிருந்தே தங்களுக்குள் சந்தேகம் பேசப்பட்டதாகச் சொன்னான். முதல் விசாரணையில் ஜூரிகளால் முடிவுக்கு வர முடியவில்லை. 2005இல் இரண்டாம் விசாரணையில்தான் இருவர்மீது கொலைக்குற்றம் உறுதியானது. க்வெனின் அம்மா சும்மா இருக்கவில்லை. இறந்துபோன பிள்ளைக்கு க்வென் என்ற பெயரையே சட்டப்படி வாங்கிக் கொடுத்தார். 2014இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒருவர் திருநங்கை என்று தெரியவந்தது மட்டுமே சினமூட்டலாகக் கருதப்படாது என்றது அந்தச் சட்டம். அமெரிக்க மாநிலங்களில் அதுதான் முதல். பிறகு இலினோய், நியூயார்க் என்று பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

சரி, இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். “ஏமாத்தினா கோபம் வராதா?”

வரும். வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பார். ரோட்டில் போலீஸ்காரர் சம்மன் எழுதும்போது உனக்குக் கோபம் வருகிறதா இல்லையா? மேனேஜர் எல்லார் முன்னாலும் திட்டும்போது? வருகிறது. கை நீட்டினாயா? இல்லை. ஏன்? நீட்டினால் என்ன ஆகும் என்று தெரியும். அப்படியென்றால் உன்னால் அடக்க முடியும். திருநங்கை முன்னால் மட்டும் ஏன் அது திடீரென்று முடியாமல் போகிறது? அங்கே அடித்தால் கேட்க ஆளில்லை என்று உள்ளுக்குள் எங்கோ தெரிந்திருக்கிறது. அதுதான் காரணம்.

வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தை இங்கேதான் தொடங்குகிறார். தன் கோபம் பலிக்கக்கூடிய இடத்தில் அதைக் காப்பவன்தான் உண்மையில் கோபத்தை அடக்கியவன்; பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று கேட்கிறார். வலியவன் முன் நாம் எல்லாரும் ஞானிகள்தான். எளியவர் முன் நாம் யார் என்பதுதான் சோதனை.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தை நாம் முகாமில் படித்தோம், ஞாபகம் இருக்கிறதா? பகவான் ஒரு சங்கிலியைக் காட்டுகிறார். ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தால் பற்று வரும். பற்றிலிருந்து ஆசை. ஆசையிலிருந்து கோபம். கோபத்திலிருந்து மயக்கம், பிறகு நினைவு தடுமாறும், புத்தி அழியும், மனிதன் அழிவான். ‘என்ன செய்றோம்னே தெரியல’ என்பது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. நீதிமன்றத்தில் அதை மட்டும் தூக்கிக் காட்டி, “பாருங்கள், எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை” என்கிறார்கள். கீதை அதைச் சாக்காகச் சொல்லவில்லை, எச்சரிக்கையாகச் சொல்கிறது. முதல் கண்ணியைப் பிடித்தவன் நீதான், அங்கேயே விட்டிருக்கலாம் என்கிறது. அந்த அறைக்கு ஆசையோடு போனவன், கோபத்தோடு வெளியே வந்தான். அந்த ஆசை அவனுடையது. அதற்கு எதிரில் இருந்தவர் ஏன் உயிரைக் கொடுக்க வேண்டும்?

இன்னொருவரையும் நினைத்துப் பாருங்கள். அசுவத்தாமன். உண்மையிலேயே ஏமாற்றப்பட்டவன் அவன். அவன் இறந்துவிட்டான் என்று பொய்த் தோற்றம் காட்டித்தான் அவன் தந்தை துரோணரை ஆயுதம் கீழே வைக்க வைத்தார்கள். பிறகு கொன்றார்கள். இதைவிடப் பெரிய சினமூட்டல் ஒரு மகனுக்கு வேறு என்ன? அந்தக் கோபத்தில் இரவோடு இரவாகப் பாண்டவர் பாசறைக்குள் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களை வெட்டினான். அந்த இரவில் செத்தவர்களில் பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்ந்த சிகண்டியும் ஒருவர். மகாபாரதம் அசுவத்தாமனை மன்னித்ததா? பாவம், கோபத்தில் செய்துவிட்டான் என்று சொன்னதா? நெற்றி மணியைப் பறிகொடுத்து, மூவாயிரம் ஆண்டு தனியே அலைவாய் என்ற சாபத்தோடு போனான். அவன் துக்கம் உண்மைதான். ஆனாலும் அவன் செய்தது அதர்மம்தான்.

சட்டம் படிக்கிற ஒரு அக்காவிடம் இதைப் பேசினேன். அவர் ஒரு நல்ல மறுப்பு வைத்தார். “தம்பி, குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் வாதாட உரிமை இருக்கு. வருஷக்கணக்கா அடிவாங்கின மனைவி ஒருநாள் திருப்பி அடிச்சிடுறா. அவளுக்கும் இந்தச் சினமூட்டல் விதிதான் துணைக்கு வரலாம். மொத்தமா எடுத்துட முடியுமா?” என்றார்.

நியாயமான கேள்வி. நானும் மொத்தமாக எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கோடு போடலாம். சினமூட்டல் என்பது ஒருவர் செய்த செயல். அடித்தார், அவமதித்தார், பிள்ளையைத் துன்புறுத்தினார், இதெல்லாம் செயல். திருநங்கையாக இருப்பது செயல் இல்லை. அது அவருடைய இருப்பு. ஒருவர் இருப்பதே எனக்குச் சினமூட்டுகிறது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால், அவர் உயிரோடு இருப்பதே அவர் செய்த தவறு என்று ஆகிவிடும். இதே சாக்கை நாளைக்கு நம் நிறத்தைக் காட்டி, நம் நெற்றித் திருநீற்றைக் காட்டி எவனாவது சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

‘திடீர்’ என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பம்பாயில் 1959இல் நானாவதி என்ற கடற்படை அதிகாரி, மனைவியின் உறவைப் பற்றி அவர் வாயாலேயே கேட்டார். பிறகு மனைவி மக்களைச் சினிமாவில் விட்டுவிட்டு, கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கிக்கொண்டு, அந்த மனிதரைத் தேடிப் போய்ச் சுட்டார். ஊரே அவர் பக்கம் நின்றது. ஆனால் 1961இல் இந்திய உச்ச நீதிமன்றம், கோபம் தணிய அவருக்கு வேண்டிய நேரம் இருந்தது, இது கொலைதான் என்று சொல்லிவிட்டது. ஊர் அனுதாபம் வேறு, நியாயம் வேறு.

‘ஏமாற்றுதல்’ பற்றியும் ஒரு வார்த்தை. கல்யாணம் ஆனதை மறைத்துப் பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். கடன் வாங்கி ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கொன்றால் யாரும் பாவம் பார்ப்பதில்லை. ஒரு திருநங்கை தன்னைப் பற்றி உடனே சொல்லவில்லை என்றால், பெரும்பாலும் பயத்தால்தான் சொல்லவில்லை. சொன்னால் அடி, சொல்லாவிட்டாலும் அடி என்றால் அவர் எங்கேதான் போவார்?

நான் ஏன் அன்று வாயை மூடிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் படிவம் படிக்கும்போது தைப்பூசத்துக்குக் கூட்டாளிகளோடு போயிருந்தேன். ஒரு திருநங்கை மஞ்சள் சேலை கட்டி, தலையில் பால்குடத்தோடு நடந்து வந்தார். எங்கள் கூட்டத்தில் ஒருவன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக் கூப்பிட்டான். இன்னொருவன் தண்ணீர்ப் போத்தலை எறிந்தான். அது அவர் தோளில் பட்டது. அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். பால் சிந்தாமல் குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு நடந்து போய்விட்டார்.

அன்று நான் எறியவில்லை. ஆனால் சிரித்தேன்.

அந்த வெயிலில், அந்தக் கூட்டத்தில், கோபப்பட யாருக்குக் காரணம் இருந்தது? அவருக்குத்தான். அவர் நிதானம் இழக்கவில்லை. விரதம் இருந்தவர் அவர், அதைக் காப்பாற்றியவரும் அவர். நாங்கள் அர்த்தநாரீஸ்வரர் படத்தை வீட்டுச் சாமி அறையில் வைத்துக் கும்பிடுகிற பிள்ளைகள். சித்திரைப் பௌர்ணமிக்குக் கூவாகத்தில் அரவானுக்காகத் தாலி கட்டி, மறுநாள் அறுத்து அழுகிற திருநங்கைகளின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனாலும் கோயில் வாசலிலேயே போத்தலை எறிந்தோம்.

ஒரு கொலை அந்த அறையில் மட்டும் தொடங்குவதில்லை. அதற்கு முன்னால் நூறு கிண்டல் நடந்திருக்கும். நூறு பேர் சிரித்திருப்பார்கள். என்னைப் போல ஒருவன் “கெளம்பலாம்” என்று எழுந்திருப்பான். அதனால் நாம் சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாட்சாப்பில் அந்த மாதிரி வீடியோ வந்தால் அனுப்பாதே. கூட்டாளி கிண்டல் செய்தால் “போதும்டா” என்று சொல். நம் கோயில் திருவிழாவில் திருநங்கை அக்கா யாராவது வந்தால் மற்றவர்களைக் கூப்பிடுகிற மாதிரியே “வாங்கக்கா, சாப்பிட்டீங்களா?” என்று கேள். அடிபட்டால் போலீஸ் நிலையத்துக்குக் கூடவே போ. தனியாகப் போகத்தான் அவர்கள் பயப்படுகிறார்கள்.

தம்பி, நீ கெட்டவன் இல்லை. உன் வயதில் நான் உன்னைவிட மோசமாக இருந்தேன். உன் கேள்விக்கு என் பதில் இதுதான்: கோபம் வரும், எழுந்து போய்விடு. கதவு எப்போதும் இருக்கும்.

தங்கச்சி, அன்று பதில் சொல்லாததற்கு மன்னித்துக்கொள். அடுத்த ஞாயிறு வகுப்பில் இதையே பேசுவோம். நான் சொன்னதில் தப்பிருந்தால் எல்லார் முன்னாலும் கேளுங்கள். இந்த முறை எழுந்து போகமாட்டேன்.