குழந்தை முதலில், தடயம் பிறகு

2024-இல் சென்னையில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 10 வயதுச் சிறுமி ஒருத்தி மருத்துவமனையில் சொன்னவை பதிவு செய்யப்பட்டன. பிறகு அந்தப் பதிவு சமூக ஊடகங்களில் பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கைக் கையிலெடுத்தது. விசாரணையை சிபிஐக்கு மாற்றி உத்தரவு பிறந்தது; உச்ச நீதிமன்றம் தலையிட்டுச் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். மருந்துக்காகக் கொண்டுவரப்பட்ட இடத்தில் ஒரு குழந்தை சொன்ன சொல், முன்பின் தெரியாதவர்களின் கைப்பேசிகளில் சுற்றிவந்தது. அதை இனி யாராலும் திரும்பப் பெற முடியாது.

இப்படிப்பட்ட குழந்தை மருத்துவமனை வாசலை மிதிக்கும்போது அவள் யார்? நோயாளியா, சாட்சியா? நோயாளிதான். சிகிச்சையும் ஆறுதலும் அவளுடைய உரிமை. சாட்சியம் அவள் ஊருக்குச் செய்யும் உதவி. உரிமையைக் கொடுக்காமல் உதவியை மட்டும் பிடுங்கிக்கொள்ளும் சமூகம் அறத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றது.

மருத்துவம் என்பது நான்கு உறுப்புகளைக் கொண்டது என்று வகுத்தவர் வள்ளுவர். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து பார்த்துக்கொள்பவர் என்ற அந்த நான்கில் நோயுற்றவரையே அவர் முதலில் வைக்கிறார். சரக சம்ஹிதையும் மருத்துவத்துக்கு நான்கு கால்கள் என்கிறது. தடயம் சேகரிப்பவருக்கு இந்தப் பட்டியல்களில் இடமில்லை. அவருக்கு இடம் கொடுத்தது சட்டம். கொடுக்கும்போதே எல்லையும் கட்டியிருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கை பதிவாகாவிட்டாலும் மருத்துவப் பரிசோதனை செய்யலாம். பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே பார்க்க வேண்டும். பெற்றோரோ, குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும். அவசர சிகிச்சைக்கு முன்நிபந்தனையாக எந்த ஆவணத்தையும் மருத்துவர் கேட்கக் கூடாது என்று அச்சட்டத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

ஆனால் பல மருத்துவமனைகளில் முதலில் கேட்கப்படுவது, “போலீஸ் மெமோ இருக்கா?” என்பதுதான். இல்லையென்றால் ஓ.பி. சீட்டோடு தாயும் மகளும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். அங்கே ஒருமுறை நடந்ததைச் சொல்ல வேண்டும். திரும்பி வந்தால் டியூட்டி டாக்டர் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டைத் திறந்து, செய்தவர் தெரிந்த ஆளா, தெரியாத ஆளா என்று கேட்பார். அருகில் கட்டுப்போட வந்தவர்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பெண் மருத்துவர் அடுத்த ஷிப்டில்தான் வருவார். அதுவரை துணி மாற்றக் கூடாது, குளிக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறார்கள். தண்ணீர் குடித்தாயா, வலிக்கிறதா என்று கேட்க ஆளில்லை. அந்தக் குழந்தைக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: சொன்னதால்தான் இவ்வளவும் நடக்கிறது. அடுத்த முறை அவள் சொல்லமாட்டாள்.

புறநானூற்றின் 46-ஆம் பாடல் இங்கே நினைவுக்கு வருகிறது. சோழன் கிள்ளிவளவன் தன் பகைவன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இட முனைந்தபோது கோவூர் கிழார் குறுக்கே நின்று பாடியது அது. யானையைக் கண்டு அழுகையை மறந்துவிட்ட சின்னப் பிள்ளைகள், கூடியிருந்த மன்றத்தை மிரண்டு பார்த்து, அதுவரை அறியாத புதிய துன்பத்தை அடைந்ததை அவர் அரசனுக்குச் சுட்டிக்காட்டினார். பகைவன் பிள்ளைகள் என்று அவர் தயங்கவில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு புலவர் கண்டுகொண்டதை, வெள்ளை அங்கியும் காக்கிச் சட்டையும் கூடிநிற்கும் நம் மன்றங்கள் இன்னும் காணவில்லை. கன்றை இழந்த பசு மணியை அடித்ததும் மனுநீதிச் சோழன் எழுந்து வந்தான் என்று மேடைதோறும் சொல்கிறோம். மணியின் கயிறு கைக்கு எட்டாத பிள்ளைகளுக்கு யார் எழுந்து வருவது?

பரிசோதனை மேசையில்தான் உண்மை கிடைக்கும் என்பது பழைய மூடநம்பிக்கை. வன்கொடுமை ஐயத்தோடு அழைத்துவரப்பட்ட 2,384 குழந்தைகளைப் பற்றி ஆஸ்ட்ரிட் ஹெகர் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், 96 சதவீதத்துக்கும் மேலானோரின் உடல் இயல்பாகவே இருந்தது. காயம் இல்லாததால் கொடுமை நடக்கவில்லை என்று ஆகாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு உடல் ஆறிவிடுகிறது. பல செயல்கள் தழும்பே விடுவதில்லை. அப்படியானால் பரிசோதனை எதற்கு? எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் கொடுப்பதற்கு. தொற்றையும் கருவையும் தடுப்பதற்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘உன் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, நீ நன்றாக இருக்கிறாய்’ என்று ஒரு மருத்துவர் அந்தக் குழந்தையின் கண்ணைப் பார்த்துச் சொல்வதற்கு. பாதிக்கப்பட்ட பெண்களிடம் செய்யப்பட்டுவந்த இருவிரல் சோதனை என்ற இழிவை உச்ச நீதிமன்றம் 2013-இல் கண்டித்தது. 2022-இல், அதைச் செய்பவர் நன்னடத்தை தவறியவர் ஆவார் என்றே அறிவித்தது. ஒரு கொடுமைக்கு விடை தேட இன்னொரு கொடுமை செய்யலாகாது என்பதை நீதிமன்றம் சொல்லித்தான் மருத்துவ உலகம் கற்க வேண்டியிருந்தது வெட்கத்துக்குரியது.

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆராயாமல் தீர்ப்பளித்த பாண்டியன் அரியணையிலேயே உயிர்விட்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கலிபோர்னியாவின் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளிப் பாலியல் வழக்கில் 1980-களில் குழந்தைகளிடம் விடையை ஊட்டிக் கேள்வி கேட்டார்கள். ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்கு ஒருவருக்கும் தண்டனையின்றி முடிந்தது. ஆனால் அங்கே தவறியதும் குழந்தையிடம் பேசிய முறைதான். பயிற்சி பெற்ற ஒருவர், அவசரப்படுத்தாமல், விடையைத் திணிக்காமல் ஒரே முறை கேட்டால் நிரபராதியும் காப்பாற்றப்படுகிறார்.

ஐஸ்லாந்து 1998-இல் இதைச் செய்து காட்டியது. ரெய்காவிக் நகரில் வீடு போன்ற ஓரிடம். மருத்துவர், காவலர், அரசு வழக்கறிஞர், உளவியலர் எல்லோரும் குழந்தை இருக்கும் அங்கே வருகிறார்கள். குழந்தை அவர்களைத் தேடி அலைவதில்லை. ஒருவர் பேசுகிறார், குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் உட்பட மற்றவர்கள் வேறு அறையில் திரையில் பார்க்கிறார்கள். அந்தப் பதிவு நீதிமன்றத்தில் சாட்சியமாகிறது. நமக்கு எட்டாத கனி என்று இதைத் தள்ள முடியாது. ஹைதராபாத்தில் காவல் துறை இதே நோக்கில் 2016-இல் ‘பரோசா’ மையத்தைத் திறந்தது. ஒரே கூரையின்கீழ் எல்லா உதவியும் என்ற எண்ணத்தில்தான் நம் மாவட்டங்களின் ஒருங்கிணைந்த சேவை மையங்களும் பிறந்தன. கட்டடம் போதாது. வள்ளுவர் நான்காவதாகச் சொன்ன அருகிருப்பவர் வேண்டும். போக்சோ விதிகள் அவரை ‘ஆதரவு நபர்’ என்கின்றன. மருத்துவமனையிலிருந்து தீர்ப்பு நாள் வரை குழந்தையோடும் குடும்பத்தோடும் நடப்பவர் அவர். 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் இவர்களின் நியமனத்துக்கும் பயிற்சிக்கும் ஊதியத்துக்கும் நெறிமுறை வகுக்கச் சொன்னது. இவர்களை நியமிக்கும் குழந்தைகள் நலக் குழுக்கள் இதை ஒரு கையெழுத்து வேலையாக நினைக்கலாகாது. கதவருகே நிற்கும் அந்த ஒருவர் இல்லாமல் எந்தக் குழந்தையையும் பரிசோதனை அறைக்குள் அனுப்பக் கூடாது.

மருத்துவர்களே, மெமோவுக்காகக் காத்திருக்காதீர்கள். முதலில் வலியைக் கேளுங்கள், திரையை இழுத்துவிடுங்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைக் குழந்தைக்குப் புரியும் சொல்லில் சொல்லுங்கள், வேண்டாம் என்றால் நிறுத்துங்கள். தடயம் எடுக்கும் கடமையும் உங்களுடையதுதான். அதைக் குழந்தையை அழவைக்காமல் செய்ய முடியும். பெற்றோர்களே, பிள்ளை சொன்னதும் ‘ஏன் முன்பே சொல்லவில்லை’ என்று அதட்டாதீர்கள். அருகிலுள்ள மருத்துவமனைக்கு, அரசுடையதோ தனியாருடையதோ, உடனே போங்கள். இலவச சிகிச்சை தர மறுக்கும் மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 200-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098. இரவும் பகலும் அழைக்கலாம்.