அவர் கேட்காத கேள்வி

ரொம்ப வருஷத்துக்கு முன், காரைக்குடியில் ஒரு பழைய அம்பாஸடர் வைத்திருந்தேன். தினமும் ரேடியேட்டரில் தண்ணீர் குறையும். தரையில் ஒரு சொட்டு இருக்காது. ஹோஸ், மூடி, வாட்டர் பம்ப் எல்லாம் மாற்றியாச்சு. ம்ஹூம்! கடைசியில் மெக்கானிக், ஆறிக் கிடந்த வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணினார். குபுகுபுவென்று குமிழி. "ஹெட் கேஸ்கெட் போயிருச்சுண்ணே. தண்ணி இன்ஜினுக்குள்ள போயி, ஆவியா சைலன்ஸர் வழியா வெளியேறுது. ஹெட்டைக் கழட்டணும். இல்லேன்னா தண்ணியை ஊத்தி வித்துடுங்க!"

வாங்க ஓர் இளைஞர் வந்தார். டயர், பேட்டரி, ஆர்.சி. புக் எல்லாம் விசாரித்தார். தண்ணீரைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

பி.காம் பாடம் ஞாபகம் வந்தது. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவு. நோஞ்சான் குதிரையை ஏலத்தில் விற்பவன் வாயே திறக்காவிட்டாலும் அது மோசடி ஆகாது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த உதாரணம் உதைக்கிறது: வாங்குவது, அப்போதுதான் மேஜரான அவன் மகள் என்றால் சொல்லியே ஆகவேண்டும். அதே குதிரை, அதே மௌனம். மகளுக்கு ஒரு நியாயம், ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நியாயமா?

"அம்மாவை பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிட்டுப் போகணும் சார்" என்றார் இளைஞர். கேஸ்கெட் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உடனே நாலாயிரம் குறைத்துக் கேட்டார். குறைத்துக்கொண்டேன், கொஞ்சம் எரிச்சலோடுதான்.