வாக்களியாமையும் அறமாகுமோ?

தேர்தல் வரும்பொழுதெல்லாம் நம்மவரிடையே ஒரு குரல் எழுகின்றது: "நிற்பவருள் ஒருவரும் தகுதியுடையவரல்லர், ஆகவே யான் வாக்களியேன்." இதனைச் சோம்பலென்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. தீயவர் இருவருள் ஒருவரைத் தேர்ந்தெடு என்றால், மனச்சான்றுடையவன் தயங்கவே செய்வான்.

சட்டமும் அத்தயக்கத்தை மதிக்கின்றது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வாக்களியாதிருத்தலையும் தேர்தல் உரிமையுள் அடக்கிக் கூறுகின்றது. 2013இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பினால் 'நோட்டா' என்னும் பொத்தானும் வந்தது. எனவே, உரிமை உண்டா என்பதன்று வினா. அதனை எவ்வாறு கையாளுதல் அறம் என்பதே வினா.

பண்டைப் பிக்கு சங்கத்தின் முறையை நோக்குவோம். தீர்மானம் முன்வைக்கப்பட்டால் உடன்படுவோர் மௌனமாயிருப்பர். உடன்படாதோர் வாய் திறந்து பேசுதல் வேண்டும். பேசாமை இசைவாகவே கொள்ளப்பட்டது. நோயினால் வர இயலாத பிக்குவும் தம் இசைவைப் பிறர்வழிச் சொல்லியனுப்புதல் வேண்டும். பாராளுமன்ற நடைமுறை இந்நாட்டிற்குப் புதிதன்று என்பதற்கு இச்சங்கங்களையே 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் அம்பேத்கர் சான்று காட்டினார்.

இன்றும் நிலை அதுவே. வீட்டிலிருந்தவன் அறச்சினத்தால் வாராதவனா, அயர்ந்து உறங்கியவனா என்பதை வாக்கெண்ணிக்கை அறியாது. வென்றவரோ இருவரையும் தம்மை மறுக்காதவராகவே கொள்வர்.

2024 மக்களவைத் தேர்தலில் கிழக்கு நாகாலாந்து மாவட்டங்கள் ஆறும், தனி ஆட்சிப்பகுதி கோரி, முன்னரே அறிவித்து வாக்களியாதிருந்தன. அது பேசிய மௌனம், நாடு கேட்டது. அதே தேர்தலில் இந்தூர்த் தொகுதியில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நோட்டாவை அழுத்தினர். வேட்பாளர் வென்றார் என்பது மெய்யே. நோட்டா எவரையும் தோற்கடிப்பதில்லை. ஆயினும் அம்மறுப்பு எண்ணாகப் பதிந்து நிற்கின்றது. அதனை உறக்கமென்று எவரும் கூற இயலாது.

1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ச் சொத்தும் வரியும் கல்வியும் பார்த்தே வாக்குரிமை தந்தனர். நம் பாட்டன் பாட்டியருட் பெரும்பாலோர் வாக்களியாதது தம் விருப்பத்தால் அன்று. விலக்கப்பட்டவரின் மௌனம் வேறு. விலகி நிற்பவரின் மௌனம் வேறு. பின்னதற்குக் காரணம் கூறும் கடமை உண்டு.

ஆகவே அன்பர்களே, மறுப்பதாயின் மறுமின், அது முறையே. ஆனால் வாக்குச்சாவடிவரை நடந்து சென்று மறுமின். எதற்காக மறுத்தீர் என்பதை ஊரறியக் கூறுமின். அதற்கு மனமில்லையேல், நம்மைத் தடுத்தது அறமா அயர்வா என்று நம் நெஞ்சையே வினவிக்கொள்வோம்.