பொருளின் இயல்பு அணுவினதோ, அமைப்பினதோ?

உலகத்துப் பொருள்களெல்லாம் அணுக்களின் கூட்டமே என்றும், அக்கூட்டத்தைப் பிரித்து இன்ன அணு இத்துணை என்று எண்ணி முடித்தால் அப்பொருளை முற்றும் அறிந்தவாறாம் என்றும் கூறுவார் பலர். இரசாயன நூல் பயின்ற இளைஞர் வாயில் இக்கூற்று மிக எளிதாக வருகின்றது. இதன்மேல் மற்றொன்றனையும் அவர் அடுக்குவர். கல்லும் அணுக்கூட்டம், மக்களும் அணுக்கூட்டம்; ஆகலான் நன்று தீது என்பனவும் அணுக்களின் ஆட்டமன்றிப் பிறிதில்லை என்பது அது. பின்னையது முன்னையதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு நிற்பது. ஆதலின் முன்னையது மெய்யாமோ என்பதனை, அவர்க்கு மிகவும் இணக்கமான இடமாகிய கல்லின்கண்ணே வைத்து ஆராய்வாம்.

வைரமும், பென்சிலினுள் இருக்கும் கருங்கரியும் ஒரே பொருளாலாயவை என்பதனைப் பள்ளிச் சிறாரும் இந்நாளில் அறிவர். 1772-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு லவாஸியே என்பார் பெரிய கண்ணாடியால் ஞாயிற்றின் கதிரைக் குவித்து வைரத்தை எரித்துக் காட்டினார். 1797-இல் ஆங்கிலநாட்டு ஸ்மித்ஸன் டென்னண்ட் என்பார், வைரம் எரிந்து தரும் கரிவாயு அதே எடையுள்ள அடுப்புக்கரி தருவதற்கு ஒத்ததே என்று அளந்து நிறுவினார். ஆகவே எண்ணிப் பார்ப்பார்க்கு இரண்டும் கரியணுவே, வேறொன்று சிறிதுமில்லை. ஆயினும் ஒன்று எல்லாக் கல்லையும் அறுக்கும், மற்றொன்று விரலிற் பட்ட அளவில் உதிரும். ஒன்று ஒளியை ஊடுருவ விடும், மற்றொன்று விழுங்கும். ஒன்றின் அடர்த்தி நீரினும் மூன்றரை மடங்கு, மற்றதனது இரண்டேகால் மடங்கின் அளவினது.

இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? வைரத்தில் ஒவ்வோரணுவும் தன்னைச் சூழ்ந்த நான்கு அணுக்களைச் சமதூரத்திற் பற்றி நாற்புறமும் பின்னி நிற்கின்றது. அத்தூரம் 1.54 ஆங்ஸ்ட்ராம், ஓர் ஆங்ஸ்ட்ராமாவது சென்டிமீட்டரிற் பத்துக்கோடியில் ஒரு பங்கு. பென்சிற்கரியிலோ ஒவ்வோரணுவும் மூன்றனையே பற்றித் தேன்கூட்டின் அறைகள்போல ஏடு ஏடாகப் பரந்து கிடக்கின்றது. ஏட்டினுள் அணுக்களிடைத் தூரம் 1.42, ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே 3.35. ஈண்டு ஒரு வியப்பு உளது. மெல்லியதென்று நாம் இகழும் கரியின் ஏட்டினுள் இருக்கும் பிணிப்பு, வைரத்தின் பிணிப்பினும் நெருக்கமானது, வலியது. ஏடுகள் ஒன்றன்மேலொன்று வழுக்குதலே அதனை மெல்லியதாக்கிற்று. பிணிப்பின் வலியைத் தனித்தெடுத்து எண்ணினும் பொருளின் இயல்பு பிடிபடாது என்பது இதனால் விளங்கும்.

இவ்வுண்மையை மேனாட்டார் எளிதில் ஒப்பினாரல்லர். சுண்ணக் கல்லாகிய கால்ஸைட்டும், அரகோனைட் என்னும் கல்லும் பற்றி எழுந்த வழக்கு இதற்குச் சான்றாம். ஆயி என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், படிகங்களின் வடிவம் பற்றி முறைப்பட ஆராய்ந்த முதல்வருள் ஒருவர். ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு மூலவடிவமே உண்டு என்பது அவர் கொள்கை. 1788-இல் ஜெர்மனியிற் கிளாப்ரோத் என்பார் அவ்விரு கல்லையும் பிரித்து நோக்கி, இரண்டும் கால்ஸியம், கரி, ஆக்ஸிஜன் என்னும் மூன்றனாலும் ஒரே அளவிலாயவை என்றார். வடிவமோ வேறு வேறு. ஆயியின் கொள்கைக்கு இஃது ஆறாப் புண்ணாயிற்று. கால் நூற்றாண்டு கழித்து 1813-இல், ஸ்டிரோமையர் என்பார் அரகோனைட்டிற் சிறிது ஸ்டிரான்ஷியம் கலந்திருத்தலைக் கண்டார். கண்டதும், வேறுபாட்டின் காரணம் அகப்பட்டதென்று பலரும் அமைதியுற்றனர். பின்னர் ஸ்டிரான்ஷியம் இல்லாத அரகோனைட்டும் கிடைத்தது, அமைதியும் போயிற்று. வேறுபாடு என்று ஒன்று காணப்படின் அது கூட்டுப்பொருளிலேயே இருந்து தீரவேண்டும் என்னும் பிடிவாதம் அறிவுடையாரையும் இத்துணை வருத்திற்று. ஒரே பொருள் இருவேறு வடிவிற் படிகமாகலாம் என்பதனை மிட்ஷெர்லிக் என்பார் 1823-இல் கந்தகத்தின்கண் காட்டிய பின்னரே இவ்வழக்கு ஓய்ந்தது.

1912-இல் லவே என்பாரும் அவர் துணைவரும் எக்ஸ் கதிரைப் படிகத்தினூடு செலுத்திப் படமெடுத்தனர். பிராக் எனப்பட்ட தந்தையும் மகனும் அவ்வழியே அணுக்களின் இருக்கையைக் கணித்தனர். கால்ஸைட்டில் கால்ஸியத்தை ஆறு ஆக்ஸிஜன் அணுக்கள் சூழ்வன என்றும், அரகோனைட்டில் ஒன்பது சூழ்வன என்றும் இன்று நாம் அறிகின்றோம். முத்து ஒளிர்வதும் சுவர்க்குப் பூசும் சுண்ணக்கல் ஒளிராமையும் கூட்டுப்பொருளால் அல்ல என்பது இதனாற் பெறப்படும். கறியுப்பில் சோடியம் ஒன்றும் குளோரின் ஒன்றுமாகத் தனித்தனி இணைகள் இல்லை என்றும், ஒவ்வொன்றையும் மற்றதனில் ஆறு சூழ்ந்து சதுரங்கப் பலகைபோல் எங்கும் தொடர்கின்றன என்றும் பிராக் கூறியபோது, ஆர்ம்ஸ்டிராங் என்னும் முதுபெரும் இரசாயனப் புலவர் 1927-இல் அதனை எள்ளி எழுதினார். முதியவர் சினத்திலும் ஒரு நியாயம் உண்டு. தாம் வாழ்நாளெல்லாம் எண்ணிய இணை கல்லினுள் எங்குமே இல்லையெனின் எவர்க்குத்தான் பொறுக்கும்?

அற்றேல், அவ்வமைப்பும் அணுக்களின் இயல்பிலேயே அடங்கியதன்றோ எனின், அஃது ஒரு பகுதி உண்மையாம். நான்கனைப் பற்றும் ஆற்றலும் மூன்றனைப் பற்றும் ஆற்றலும் கரியணுவில் மறைந்துள்ளன. உள்ளதே தோன்றும், இல்லது தோன்றாது என்னும் சற்காரிய வழக்கிற்கு இது மாறுபடாது. ஆயின் மறைந்துள்ள இரண்டனுள் எது வெளிப்படும் என்பதனை அணு தானே முடிவு செய்வதில்லை. நிலத்தின்கீழ் ஏறத்தாழ 150 கிலோமீட்டரும் அதனினும் மிக்கதுமான ஆழத்தில், பெரும்பாரமும் பெருவெப்பமும் கூடியவிடத்து வைரம் விளைகின்றது. நாம் வாழும் நிலப்பரப்பிலோ பென்சிற்கரியே நிலைபேறுடையது; வைரம் மாறுதற்கு வழியின்றி மாறாமல் நிற்பது. காற்றுப் புகாவிடத்து மிக்க வெப்பம் ஊட்டின் அது கரியாய்விடும். எனவே கூட்டுப்பொருள், அமைப்பு, அமைப்பினை விளைத்த நிலை என்னும் மூன்றனையும் கூறாக்கால் கல்லொன்றனையும் கூறியவராகோம்.

இனி, சார்பின் வன்மைக்கு இதனினும் நுண்ணிய சான்று மாணிக்கமும் மரகதமுமாம். மாணிக்கத்தின் உடல் அலுமினியமும் ஆக்ஸிஜனும் கூடியது, தூயதாயின் நிறமற்றது. மரகதத்தின் உடல் பெரில் என்னும் கல்; அதுவும் தூயதாயின் நிறமற்றது. இரண்டிலும் அலுமினியத்தின் இருக்கைகள் சிலவற்றைக் குரோமியம் கவர்ந்துகொள்கின்றது. ஈண்டுச் செம்மையையும் ஆண்டுப் பசுமையையும் தருவது அவ்வொரு குரோமியமே. இரண்டிடத்தும் அதனைச் சூழ்வன ஆறு ஆக்ஸிஜன் அணுக்களே. அவற்றிற்கும் அப்பால் நிற்பனவற்றின் அமைதி வேறாதலின் குரோமியத்தின்மேற் படும் மின்புலத்தின் வலி சிறிது மாறுகின்றது. அச்சிறு மாற்றத்தால் அது விழுங்கும் ஒளி மாறி, எஞ்சிய ஒளி நம் கண்ணுக்கு ஓரிடத்துச் செம்மையாகவும் ஓரிடத்துப் பசுமையாகவும் படுகின்றது.

இது கேட்டவுடன், சார்ந்ததன் வண்ணமாதல் என்னும் சித்தாந்தக் கொள்கையை விஞ்ஞானம் நிறுவிற்று என்று மகிழ்ந்து எழுதுவாரும் உளர். அம்மகிழ்ச்சியில் யாம் கலந்துகொள்ளுமாறில்லை. பளிங்கு உவமையில் அருகே வைத்த செம்மலரின் நிறம் பளிங்கிற் றோன்றும். மலரை எடுக்கப் பளிங்கு தன்னியல்பிற் றிகழும். பளிங்கு யாதும் திரிந்திலது. குரோமியமோ சார்பினால் தானே வேறு ஒளியை விழுங்குவதாகின்றது. மேலும் உயிர் தான் சார்வதனை அறியும், விரும்பும், வெறுக்கும், குரோமியத்திற்கு அறிவில்லை. ஒப்புமையைக் கண்டவிடத்து வேற்றுமையை விடுதல் வாதத்திற்கு ஊறாம். அவ்வறிவு என்னும் வேற்றுமையிற்றான் நன்று தீது என்பதன் வேர் உளது. அதற்கும் ஒரு கல்லையே காட்டுதும்.

லிஸார்டைட், கிரிஸோட்டைல் என இருவகைக் கற்கள் உள. மக்னீஸியம் மூன்று, ஸிலிகன் இரண்டு, ஆக்ஸிஜன் ஒன்பது, ஹைட்ரஜன் நான்கு என்பதே இரண்டன் கணக்கும். இரண்டிலும் ஸிலிகன் அடுக்கொன்றும் அதனினும் சிறிது அகன்ற மக்னீஸியம் அடுக்கொன்றும் ஒட்டிக் கிடக்கின்றன. லிஸார்டைட்டில் அவ்வடுக்குகள் தட்டையாக அமைகின்றன. கிரிஸோட்டைலில் அகன்ற அடுக்கு வெளிப்புறமாகப் பாய் சுருளுமாறு சுருண்டு, கண்ணுக்குப் புலனாகா நுண்குழலாகி நீண்டு இழையாகின்றது. நெருப்பிற்கு அஞ்சாத அவ்விழையே கல்நார் எனப்படுவனவற்றுட் பெரும்பான்மையது. அவ்விழை மூச்சொடு நுரையீரலிற் புகுந்து பல்லாண்டு தங்கித் தழும்பும் புற்றும் விளைக்கும். கணக்கில் ஓரணுவும் மிகாத இரு கல்லுள் ஒன்று சுருண்டமையால் மக்கள் உயிர்க்குக் கூற்றாயிற்று.

சுருண்ட கல்லின்மேற் குற்றம் உண்டோ? இல்லை, அதற்குத் தன் சுருளும் தெரியாது, பிறர் நோவும் தெரியாது. ஆயின் 1930-இல் மெரிவெதர், பிரைஸ் என்னும் இருவர் ஆலைத் தொழிலாளரை ஆராய்ந்து, கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுத்தலை இங்கிலாந்து அரசினர்க்கு எழுத்தில் அறிவித்தனர். 1955-இல் ரிச்சர்ட் டால் என்பார் அது புற்றுநோய்க்கும் காரணமாதலைக் கணக்கிட்டுக் காட்டினார். அந்நாட்டில் கிரிஸோட்டைலுக்கு முழுத்தடை வந்ததோ 1999-இல். இடைப்பட்ட அறுபத்தொன்பது ஆண்டுகளில் அத்தூசியினுள் நின்று உழைத்தார் பலர் அறியாதார். நிறுத்தி ஊதியங் கொண்டாருள் அறிந்தாரும் இருந்தனர். நம் நாட்டிற் கல்நார்த் தகடு இன்றும் கூரையாகின்றது. அதனை அறுப்பானும் துளைப்பானும் முகத்தில் துணியுங் கட்டாமல் அத்தூசியை உண்கின்றான்.

ஒரே கணக்குடைய இரு கல்லின் வேறுபாட்டைச் சொல்லுதற்கே கணக்குப் போதாமை மேலே கண்டாம். அறிந்தானுக்கும் அறியாதானுக்கும் உள்ள வேறுபாட்டை அக்கணக்கு யாங்ஙனம் சொல்லும்? அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே ஏழையைத் தூசியினுள் அனுப்பிய ஒருவன், என் அணுக்கள் என்னை அவ்வாறு இயற்றின என்று மொழிவானாயின், முற்கூறிய இளைஞர் அவனுக்கு யாது விடை கூறுவர் என்பதனை அவர்தாமே எழுதுக.