கூத்தாடப் படிப்பதற்குச் சீமைக்கா?

சம்பளப் பட்டியலை முடித்து ஆபீஸ் மேசையைப் பூட்டும் வேளையில், ஒரு மாலை, நமது தோட்டத்து மண்டோர் ஒருவர் கையில் ஒரு தாளுடன் வந்து நின்றார். செம்பனைக் குலை வெட்டுவதில் தொடங்கி முப்பதாண்டு உழைத்து மண்டோரானவர். நம்மைவிட இருபது வயது மூத்தவராயினும் நம்மைக் "கிராணி ஐயா" என்றே அழைப்பவர். இங்கிலாந்திலுள்ள ஒரு சர்வகலாசாலையிலிருந்து அவருடைய மகளுக்கு வந்த மின்னஞ்சலின் அச்சுப் பிரதி அது. நாடகமும் அரங்கக் கலையும் மூன்றாண்டுகள் பயில அப்பெண்ணுக்கு இடம் தந்திருப்பதாகக் கண்டிருந்தது. மகள் படித்துச் சொன்னது போதாதென்று, ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நமது வாயால் ஒரு முறை கேட்க வந்திருந்தார்.

வாசித்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று வினவினார்: "ஐயா, இதுல சோறு இருக்கா?"

"இல்லைண்ணே" என்றோம். அத்துடன் நில்லாமல், "கூத்தாடப் படிக்கிறதுக்குச் சீமைக்குப் போகணுமா?" என்றும் சேர்த்துச் சொன்னோம். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு பெண்ணின் மூன்றாண்டுகளைக் குறித்து நாம் அபிப்பிராயம் சொல்ல ஒரு நிமிஷங்கூட ஆகவில்லை. ஒரு மூட்டை உரத்துக்குக் கையெழுத்திட அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளுகின்றோமே என்ற எண்ணம் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. சொன்னது சரியா தவறா என்பது ஒருபுறமிருக்க, நாம் சொன்ன காரணந்தான் நமது மெய்யான காரணமா என்பதே முதலில் விசாரிக்கத் தக்கது.

சோறு என்பதே காரணமாயின், சென்ற ஆண்டு இதே மேசையில் உட்கார்ந்து மற்றொரு தொழிலாளியின் மகனை வைத்தியம் படிக்க அந்நிய நாட்டுக்கு அனுப்பும் பாரங்களை நாமே நிரப்பிக் கொடுத்தோமே, அப்பொழுது அக்கேள்வி எங்கே போயிற்று? 2016-ஆம் ஆண்டின் இறுதி தொட்டு இந்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் புதிய டாக்டர்கள் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்டு வந்ததும், நிரந்தர வேலை கேட்டு 2021 ஜூலையில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் நாம் அறியாதவை அல்ல. அறிந்திருந்தும் அத்தகப்பனிடம் வாய் திறந்தோமில்லை. வைத்தியம் என்றால் கடனும் கௌரவம். நாடகம் என்றால் உதவிப் பணமும் வீண். ஆகவே நமது நாக்கில் இருந்தது சோறு. நெஞ்சில் இருந்தது வேறு. அது "கூத்தாடி" என்னும் பழைய வசைச் சொல்.

இவ்வசையின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம். 1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அவர் வக்கீலாக இருந்து பின்னர் நீதிபதியுமானவர். படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் அச்சபையில் வேஷம் கட்டினர். நீதிபதி வேஷம் கட்டினால் கலைத்தொண்டு. பிழைப்புக்காக ஓர் ஏழை கட்டினால் கூத்தாட்டம்! மேடை ஒன்றே, அரிதாரம் ஒன்றே. மாறியது ஆளின் பிறப்பும் வருமானமுமே. நாம் இகழ்வது கலையையன்று, அதைக் கொண்டு வயிறு வளர்த்த மக்களையே என்பதற்கு இதைவிட ருசு வேண்டுமோ? சீர்திருத்தம் பேசுவோராகிய நாமோ இன்னும் ஒரு படி மேலே போய்விட்டோம். அண்ணாதுரை நாடகம் எழுதி நடித்ததையும், எம். ஆர். ராதா மேடையில் வைதிகத்தைக் கிழித்ததையும் மார்தட்டிப் பேசுகின்றோம். பேசிவிட்டு, நமது தோட்டத்துப் பெண் ஒருத்தி அதே மேடையைப் படிக்க வேண்டுமென்றால் "வேண்டாம்" என்கின்றோம்.

நிற்க. இவ்வளவு சொன்னதனால் மண்டோரின் கேள்வி அற்பமானதென்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கலையின் பெருமையைப் பாடி அக்கேள்வியை வாயடைப்பது வயிறு நிறைந்தவர்களின் வழக்கம். அவர் கணக்கை நாம் அறிவோம். மாதந்தோறும் அதை எழுதுபவர்கள் நாம். 2024 மே மாதம் முதல் ஊழியர் சேமநிதிப் பணம் மூன்று கணக்குகளாகப் பிரித்து வரவு வைக்கப்படுகின்றது. அவற்றுள் 15 சதவீதம் சேரும் ஒரு கணக்கிலிருந்து பிள்ளைகளின் மேற்படிப்புக்கு எடுக்கலாகும். அவருக்கு 55 வயதாக இன்னும் ஓராண்டே இருக்கின்றது. அதன்பின் முழுத் தொகையையும் எடுக்கலாம். ஆனால் அத்தொகை யாது? தோட்டத்து வீடு வேலையுள்ள வரைக்குந்தான். வேலை விட்டதும் செர்டாங்கிலோ கூலிமிலோ ஒரு கூரை தேட வேண்டும். இளையவன் ஒருவனும் ஐந்தாம் படிவத்தில் இருக்கின்றான். ஒருத்தி தன்னை ஆக்கிக்கொள்வதற்கு மற்றவர்களின் முதுமையையும் கூரையையும் செலவிடலாமா என்பதே இங்குள்ள தர்மக் கேள்வி. வைத்தியத்துக்கும் இதே கேள்வி உண்டு. அங்கே நாம் அதைக் கேட்பதில்லை, அவ்வளவே.

அந்நிய மாணவியாகப் போகிறவளின் நிலையோ விசித்திரமானது. பிரித்தானிய மாணவ அனுமதியில் பட்டப்படிப்புக்குச் செல்வோர் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே வேலை செய்யலாம். அதிலும், ஊதியத்துக்காக மேடைக் கலைஞராக வேலை செய்யலாகாது. படிப்பின் பகுதியாக அமையும் பயிற்சிக்கே விலக்குண்டு. அதாவது, நடிக்கப் படிக்கப் போகிறவள் அங்கே உணவுக்கடையில் தட்டுக் கழுவிக் காசு பெறலாம், நடித்துப் பெறலாகாது! இச்சட்டத்தைப் படித்தபொழுது நமக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அத்தனை சிரிப்பாக இல்லை.

அப்படியானால் ஏன் போக வேண்டும்? மேடை இங்கில்லையா? நமது பாட்டனார் காலத்தில் பால்மரத் தோட்டங்களில் விடிய விடிய அரிச்சந்திரன் நடக்குமென்று கேட்டிருக்கின்றோம். சர்வகலாசாலைதான் வேண்டுமென்றால் பினாங்கிலே இருக்கின்றது. இவ்வாட்சேபணை நியாயமானதே. ஆயினும் அருகிலுள்ள ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். செர்டாங்கிலிருந்து பண்டார் பாருவுக்குச் சென்று கிரியான் ஆற்றைக் கடந்தால் பாரிட் புந்தார். அவ்வூரில் 1939-இல் பிறந்த குலாம் சர்வார் யூசோப் என்பார், ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் பெற்று, பினாங்கு சர்வகலாசாலையிலேயே நாடகத் துறை ஆசிரியரானவர். கிளந்தான் மக்களின் மாக் யோங் என்னும் கூத்தை ஆராய்ந்து 1976-இல் டாக்டர் பட்டம் பெற்றார். எங்கே? ஹவாயில்! தீபகற்பத்தின் அக்கரையில் ஆடும் கூத்தைப் பற்றி எழுத அவர் பசிபிக் சமுத்திரத்துத் தீவுக்குப் போனார். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று நாம் அன்று சொல்லியிருப்போம். ஆனால் அதே மாக் யோங்கை 2005-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ மானிட குலத்தின் அரும்பெருங் கலைகளுள் ஒன்றென அறிவித்தது. அப்படி அறிவிக்கப்பட்ட காலத்தில் சொந்த மண்ணாகிய கிளந்தானில் அதற்குத் தடை இருந்தது. 1991-இல் மாநில அரசாங்கம் விதித்தது.

இலங்கையில் நடந்தது இன்னும் கவனிக்கத் தக்கது. சிங்களப் பேராசிரியர் சரச்சந்திர 1955-இல் ஜப்பான் சென்று நோ, கபுகி என்னும் அந்நாட்டு நாடகங்களைக் கண்டார். திரும்பி வந்து, தம் நாட்டு நாடகம என்னும் பழைய ஆட்டத்தைக் கொண்டு 1956-இல் மனமே நாடகத்தை அரங்கேற்றினார். ஜப்பானியரைப் போல் ஆடினாரில்லை. ஜப்பானியர் தம் பழமையை எப்படி மதிக்கின்றனர் என்று பார்த்துவிட்டுத் தம் பழமையைத் திரும்பிப் பார்த்தார். அதே பேராதனையில் தமிழ்ப் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் சர்வகலாசாலை மேடைக்குக் கொண்டுவந்தார். 1962-இல் கர்ணன் போர், பின்னர் இராவணேசன். வயற்காட்டுக் களரியில் கிடந்த ஆட்டத்தைப் படித்த பிள்ளைகள் ஆடினர். மறுதிசையிலும் பிரயாணம் உண்டு. ஹன்னே டி புரூயின் என்னும் டச்சு மாது காஞ்சிபுரத்துப் பக்கம் வந்து கட்டைக்கூத்தை ஆராய்ந்தார். கூத்துக் கலைஞர் ராஜகோபாலுடன் சேர்ந்து 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கத்துக்காக அங்கேயே தங்கிவிட்டார். நாம் கூத்தாடி என்றதை அவர் படிப்பென்று கொண்டார்.

நமது கெடாவிலேயே பீடோங்கில் 1942-இல் பிறந்த கே. எஸ். மணியம் இருந்தார். அவரும் சீமைக்குப் போனவரே. ஆனால் நாடகம் படிக்கவன்று. 1962 முதல் 1964 வரை உல்வர்ஹாம்ப்டன் அருகே பிரின்ஸ்போர்ட் லாட்ஜ் என்னுமிடத்தில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். வாத்தியார் வேலை என்றதனால் அன்று யாரும் சோறு உண்டா என்று கேட்டிருக்க மாட்டார்கள். பின்னர் அவர்தாம் தோட்டத் தமிழரை மேடையேற்றி ஆங்கிலத்தில் நாடகம் எழுதினார். அவர் 2020-இல் மறைந்தபொழுது, அந்நாடகங்களுள் ஒன்றையேனும் நமது தோட்டத்து மண்டபத்தில் நாம் நடத்திப் பார்த்ததில்லையே என்பது நினைவுக்கு வந்தது.

இவையெல்லாம் ஆண்கள் பெரும்பாலும் பிறர் பணத்தில் போன கதைகள் என்பதையும் மறைப்பதற்கில்லை. மண்டோர் மகளோ தகப்பன் பணத்தில் போக வேண்டியவள்.

ஒரு வாரங் கழித்து அப்பெண்ணைச் செர்டாங் கடைத்தெருவில் கண்டோம். பசார் பையுடன் நின்றிருந்தாள். நம்மைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாளென்று நினைத்தோம், அவ்வாறு செய்யவில்லை. "கிராணி ஐயா, அந்தக் கடிதத்த அப்பாவுக்கு முழுசா வாசிச்சுக் காட்டுனீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

காட்டவில்லை. கட்டணத்தை வாசித்தோம், தங்கும் செலவை வெள்ளியாகப் பெருக்கிச் சொன்னோம். கட்டணத்தில் ஒரு பகுதியைத் தள்ளித் தருவதாக இருந்த வரியை, "அதெல்லாம் சும்மா" என்று தாண்டினோம். அவள் அனுப்பிய ஒளிப்பதிவைப் பார்த்த ஆசிரியர்கள், ஒரு கிழவி பால்மரம் வெட்டுவதாக அவள் நடித்துக் காட்டிய பகுதியைக் குறிப்பிட்டு எழுதியிருந்த நான்கு வரிகளை வாசிக்கவேயில்லை. ஆங்கிலம் தெரிந்தவன் தெரியாதவனுக்கு இழைக்கக் கூடிய அநியாயங்களுள் இதுவும் ஒன்று. கணக்குப் புத்தகத்தில் இப்படி ஒரு வரியை விட்டிருந்தால் நமக்கு வேலை போயிருக்கும்.

அன்று மாலையே மண்டோரின் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். தாளை வாங்கி முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, தள்ளுபடியையும் தங்குசெலவையும் வேலைக் கட்டுப்பாட்டையும் ஒன்றும் விடாமல் தமிழில் சொன்னோம். போக வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இளையவன் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பதில் எழுதக் கெடு மாதக் கடைசி.

முடித்ததும் மண்டோர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் கெழவி பால் வெட்டுற எடத்த மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க ஐயா" என்றார்.