நாய்க்கும் ஒரு புகலிடமா?

மனிதனுக்கே வீடில்லாத நாட்டில் நாய்க்கும் பூனைக்கும் காப்பகம் எதற்கு? நம் தோழர்களிற் பலர் இக்கேள்வியைக் கேட்கின்றனர். கேலிக்காகக் கேட்போருக்குப் பதில் வேண்டியதில்லை. வறுமையைக் கண்டு மனம் நொந்து கேட்போருக்கோ பதில் கூற நாம் கடமைப்பட்டவர்கள்.

இக்கேள்வியை ஈச்சிலம்பற்றில் நின்று கேட்டுப் பார்ப்போம். கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே உழவரும் மீனவரும் வாழும் பகுதி அது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி அக்கரையைத் தாக்கியது. 2006 இல் போர் மீண்டும் மூண்டபோது மக்கள் வாகரைக்கும், பின்னர் மட்டக்களப்பு முகாம்களுக்கும் ஓடினர். உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடுபவன் நாயையும் பூனையையும் சுமந்து செல்ல முடியுமா? போர் மனிதனிடமிருந்து வீட்டை மட்டும் பறிக்கவில்லை. அவ்வீட்டைக் காத்து நின்ற உயிரையும் தெருவில் விட்டது. போரில்லாக் காலத்திலோ, பெட்டைக் குட்டி என்பதற்காகச் சாக்கிற் கட்டிச் சந்தையடியில் விட்டுச் செல்லும் வழக்கம் அவ்வேலையைத் தொடர்ந்து செய்கிறது. தெருநாய் தானாகத் தெருவுக்கு வந்ததன்று.

அந்நாயிடம் கடிபடுபவன் யார்? காரிற் செல்பவனல்லன், விடியுமுன் கரைவலைக்குப் போகும் தொழிலாளியும், நடந்து பள்ளி செல்லும் குழந்தையுமே. விசர்நாய்க் கடியால் உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 பேர் இறப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இலங்கையில் 1973 இல் 377 பேர் அந்நோயால் மாண்டனர். 2012 இல் அத்தொகை ஐம்பதுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு பிரதேசத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி ஏற்றினால் நோயின் பரவல் அறுந்துபோகும் என்கிறது மருத்துவம். ஆகவே, நாய்க்கு ஏற்றும் ஊசி ஏழைக் குழந்தைக்கு இடும் வேலியாகும். மனிதனா, நாயா என்ற கேள்வியே இங்குப் பிழைபட்டது.

அப்படியாயின், எல்லா நாய்களையும் காப்பகத்தில் அடைத்துவிட்டாற் போதுமா? 1910 இல் இஸ்தான்புல் நகரில் பல்லாயிரம் நாய்களைப் பிடித்து நீரற்ற தீவொன்றில் விட்டனர். அவை பசியாலும் தாகத்தாலும் மடிந்தன. 2025 ஆகஸ்டு 11 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் டில்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகங்களில் அடைக்கப் பணித்தது. பதினொரு நாளில், கருத்தடை செய்து ஊசி ஏற்றியபின் பிடித்த இடத்திலேயே விடுமாறும், விசர் கொண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடாதிருக்குமாறும் தன் ஆணையைத் திருத்தியது. கண்ணுக்கு மறைத்தல் வேறு, காத்தல் வேறு. சோறும் கூரையும் கிடைத்தாலும் முகாம் வீடாகாது என்பதைப் பட்டறிந்த ஈச்சிலம்பற்று மக்களுக்கு இவ்வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

காப்பகம் வேண்டும். காயம்பட்டதற்கும், கண்ணிழந்ததற்கும், தாயற்ற குட்டிக்கும் அது வேண்டும். வடக்கே இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கெனச் சரணாலயம் அமைத்தது. அதை நாம் மதிக்கிறோம். ஆயினும், ஊரார் வீசியெறிந்தவற்றையெல்லாம் நல்லோர் சிலர் சுமப்பது அறமாகுமா? ஒருவரின் ஈகை மற்றெல்லோரின் பொறுப்பின்மைக்குத் திரையாகிவிடும். தடுப்பூசியும் கருத்தடையும் பொதுப்பணத்தில், ஒவ்வொரு கிராமத்துக்கும் வந்து சேர வேண்டும். ஈச்சிலம்பற்றைப் போன்ற தொலைவிடங்களுக்கு அவை கடைசியாக அல்ல, முதலில் வர வேண்டும். இதைக் கேட்பது ஆசிரியர், மாணவர் கடமை; குட்டிகளைச் சாக்கிற் கட்டும் கையைத் தடுப்பதும் அவர்கள் கடமையே.

எத்தனை காப்பகங்கள் எழுந்தன என்பது ஒரு சமூகத்தின் கருணைக்கு அளவுகோலன்று. அவற்றின் தேவை எவ்வளவு குறைந்தது என்பதே அளவுகோல்.