வெள்ளத்தில் வரும் நுரை

லேசர் பிரின்டரிலிருந்து வரும் தாளில் கறை இருந்தால், கண்ணுக்குத் தெரிவது விளைவு மட்டுமே. அதை உண்டாக்கிய பாகம் மூடிய பெட்டிக்குள் சுழல்கிறது. விளைவைப் பிடித்துக்கொண்டு காரணத்துக்குப் போகும் இந்த வழிக்கு நியாய நூல்களில் ‘சேஷவத்’ என்று பெயர். மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி என்னும் சமயவாதி இதையே ‘எச்சம்’ என்கிறான். ஆற்றில் வெள்ளம் கண்டு, மேலே மழை பெய்திருக்கிறது என்று முடிவு செய்வது அவன் தரும் எடுத்துக்காட்டு.

எச்சத்தை நம்பலாமா என்ற கேள்வி பழையது. நியாய சூத்திரத்தின் 2ஆம் அத்தியாயம் எதிர்வாதத்தை மறைக்காமல் எடுத்து வைக்கிறது. ஆற்றை எங்கோ அடைத்தாலும் நீர் பெருகும். மயிலின் அகவல் என்று கேட்டது மனிதன் எழுப்பிய போலிக் குரலாக இருக்கலாம். ஒரு விளைவுக்குப் பல காரணங்கள் என்றால் கருதல் அளவையே, அதாவது அனுமானமே, நிலைக்காது.

இதற்குக் கிடைக்கும் விடைதான் அந்நூலின் அழகான இடங்களில் ஒன்று. மழை வெள்ளம் வேறு, அடைபட்டுப் பெருகிய நீர் வேறு என்று விளக்குகிறார் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர். மழை வெள்ளம் விரைந்து ஓடும், நுரைக்கும், பழமும் இலையும் கட்டையும் அடித்து வரும். இவற்றைப் பாராமல், நீர் கூடியிருக்கிறது என்பதை மட்டும் ஏதுவாகக் கொண்டவனிடமே பிழை, அனுமானத்தில் இல்லை.

‘கறுப்புப் புள்ளி விழுகிறது’ என்பதும் வெறும் நீர்ப்பெருக்குதான். புள்ளிகளுக்கு இடையே அளவுகோலை வைக்கும்போது நுரை தெரியத் தொடங்குகிறது. சிறிய கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில், எழுத்தைத் தாளுக்கு மாற்றும் முன் தாங்கிச் சுழலும் டிரம்மின் விட்டம் ஏறத்தாழ 24 மி.மீ.; ஆகவே சுற்றளவு 75 மி.மீ. அதில் ஒரு கீறல் விழுந்தால், 297 மி.மீ. நீளமுள்ள ஏ4 தாளில் அதே குறி 75 மி.மீ.க்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். இடைவெளி வேறாக இருந்தால் குற்றவாளி வேறொரு ரோலர். மேலிருந்து கீழாக ஓடும் வெள்ளைக் கோட்டை ரோலரில் உள்ள ஒற்றைப் புள்ளி வரைய முடியாது. டோனர் தீரும் நிலையிலோ, லேசர் வரும் கண்ணாடியில் தூசு படிந்தாலோ அது வரும். கார்ட்ரிட்ஜைக் கிடையாகப் பிடித்து மெல்ல ஆட்டிப் போட்டதும் கோடு மறைந்தால் டோனர். அசையாமல் நின்றால் கண்ணாடியைத் துடைத்துப் பார்க்க வேண்டும்.

விரலால் தேய்த்தால் எழுத்து உதிர்கிறது என்றால், டோனரை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் ஃப்யூசர் மீது சந்தேகம் போவது இயல்பு. ஆனால் நெருப்புள்ள இடமெல்லாம் புகை இருக்காது, ஈர விறகு சேர வேண்டும் என்பார்கள் தருக்க நூலார். இப்படி ஒளிந்து நிற்கும் நிபந்தனைக்கு ‘உபாதி’ என்று பெயர். இங்கே ஈரம் தாளில் இருக்கலாம். மழைக்காலத்தில் வெளியே கிடந்த தாளும், சாதாரணத் தாளுக்கான அமைப்பில் ஓட்டிய தடித்த தாளும் அதே உதிர்வைத் தரும். புதுக் கட்டிலிருந்து தாள் போட்டுப் பார்க்காத வரை உதிர்வு ஓர் ஏதுப்போலி, ஏது போலத் தோன்றி ஒரே முடிவில் நிற்காதது. மணிமேகலையின் 29ஆம் காதை இவ்வகையை அநைகாந்திகம் என்கிறது.

கருதலைவிட்டுக் காண்டலுக்கு, கண்ணால் நேரே பார்ப்பதற்கு, வரவும் வழி உண்டு. அச்சு பாதியில் இருக்கும்போது கதவைத் திறந்து கார்ட்ரிட்ஜை எடுத்தால், இன்னும் தாளுக்கு மாறாத எழுத்து டிரம்மின் மேல் தெரியும். அது அங்கே தெளிவாக இருந்தால் குற்றம் அதற்குப் பின்னால், தாளுக்கு மாற்றும் ரோலரிலோ ஃப்யூசரிலோ இருக்கிறது; அங்கேயே மங்கியிருந்தால் முன்னால். டிரம் வெளிச்சத்தில் கெடும் என்பதால் இந்தக் காட்சிக்குச் சில நொடிகளே உண்டு.

கடைசிச் சோதனை அன்வய வியதிரேகம்: இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. புதிய கார்ட்ரிட்ஜில் கறை போனதும் பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். பழையதை மறுபடி போட்டு, கறை திரும்புகிறதா என்று பார்த்தால்தான் உறவு உறுதிப்படும். அப்போதும் கிடைப்பது பாதி விடை. பல மாதிரிகளில் டோனர், டிரம், துடைக்கும் பிளேடு, மின்னேற்றும் ரோலர் எல்லாம் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. அலுவலகத்துக்கு அந்த விடை போதும். பழைய கூட்டைப் பிரித்து ரீஃபில் செய்பவருக்கோ அளவுகோல் மறுபடி வேண்டும்.